ஜூரிகள் ஒருமித்து வராதபோது நீதிபதி எவ்வளவு வற்புறுத்தலாம்?

மார்த்தாண்டம், சட்ட மாணவி:
அமெரிக்காவில் குடியுரிமை பெற்றுள்ள என் அத்தான் அண்மையில் ஒரு குற்ற வழக்கில் ஜூரியாக (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்களில் ஒருவராக) அமர்ந்தார். தங்களால் ஒருமித்த முடிவுக்கு வர இயலவில்லை என்று பன்னிரண்டு பேரும் எழுதிக் கொடுத்த பிறகும், நீதிபதி அவர்களை அழைத்து, இன்னும் ஒருமுறை பேசிப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பினாராம். மாற்றுக் கருத்தோடு நின்ற இருவரும் அன்று மாலையே இணங்கிவிட்டார்கள். சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா?

நாகர்கோவில், வழக்கறிஞர்:
இடம் கொடுக்கிறது, தங்கச்சி. 1896இல் ஆலன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய அறிவுரையை ஏற்றுக்கொண்டது. ஆனால் தன்னைப் போலவே நேர்மையும் அறிவும் உள்ள இத்தனை பேரை அசைக்காத தன் ஐயம் நியாயமானதுதானா என்று சிறுபான்மையாக நிற்பவர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதும் அந்த அறிவுரையில் இருந்தது; பெரும்பான்மையினரிடம் அதே அழுத்தத்தோடு எதுவும் சொல்லப்படவில்லை. அதை ‘டைனமைட்’ அறிவுரை என்றே வழக்கறிஞர்கள் அழைக்கிறார்கள். 1977இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அது சரியான முடிவு என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். எத்தனைக்கு எத்தனை என்று பிரிந்து நிற்கிறார்கள் எனக் கேட்பதே தவறு என 1926இலும், ‘நீங்கள் முடிவுக்கு வந்தே ஆக வேண்டும்’ என்று நீதிபதி சொன்னது வற்புறுத்தல் என 1965இலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

தக்கலை, ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்:
இங்கிலாந்தின் மெக்கென்னா வழக்கையும் (1960) படித்துப் பாருங்கள், மகளே. பத்து நிமிடத்தில் முடிவு சொல்லாவிட்டால் இரவு முழுவதும் இங்கேயே இருக்க வேண்டியிருக்கும் என்று நீதிபதி கூறியதும், ஆறே நிமிடத்தில் ‘குற்றவாளி’ என்று வந்து சொன்னார்கள். அத்தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. 1967 முதல் அங்கே பன்னிரண்டில் பத்துப் பேர் ஒத்துப்போனாலே போதும். நம் நாட்டிலோ, ஜூரியின் முடிவில் உடன்பாடு இல்லாத செஷன்ஸ் நீதிபதி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடலாம் என்று 1898ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருந்தது. மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்றதாகக் கடற்படை அதிகாரி நானாவதி மீது நடந்த வழக்கில், ஜூரிகள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் நிரபராதி என்று சொன்ன பிறகும் அப்படித்தான் நடந்தது.

மார்த்தாண்டம், சட்ட மாணவி:
நன்றி, ஐயா. அந்த இருவரும் மனமொப்பாமல் இணங்கியதாக இப்போது சொன்னால், அது மேல்முறையீட்டில் எடுபடுமா?

நாகர்கோவில், வழக்கறிஞர்:
பெரும்பாலும் எடுபடாது. அறைக்குள் தன் மனத்தை எது மாற்றியது என்று ஜூரி பின்னர் அளிக்கும் சாட்சியத்தை அங்குள்ள சாட்சியச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை; ஆகவே நீதிபதி பேசியதாகப் பதிவான சொற்களையும் சூழ்நிலையையும் வைத்தே மேல்முறையீடு நடக்கும். முடிவு அறிவிக்கப்பட்டவுடன், ‘இது உங்கள் முடிவுதானா’ என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கும்படி குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு கோரலாம். இல்லை என்று சொல்ல அவர்களுக்கு இருந்த வாய்ப்பு அதுதான்.