மறுமொழி: ‘கம்ப்ளீட் ஸ்ட்ரீட்’ – ‘நிறைவுத் தெரு’ வேண்டாம், ‘புழங்குதெரு’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

நடப்பவர், மிதிவண்டி, பஸ், வண்டி என்று எல்லாரும் ஆபத்தில்லாமல் போய்வரும்படி அமைத்த தெருவை ஆங்கிலத்தில் ‘கம்ப்ளீட் ஸ்ட்ரீட்’ என்கிறார்கள். போன வாரம் அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. முழுமைத் தெரு, நிறைவுத் தெரு, ஒருங்கிணைந்த சாலை, அனைவருக்குமான சாலை என்று வந்த எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்க் கேட்டுப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல், கொஞ்சம் நீளும்.

எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள ஒரு தோட்டப்புற ஊர். நாலு பக்கமும் செம்பனை, அதாவது பாமாயில் மரம். என் சின்ன வயதில் அது பால்மரக் காடு, ரப்பர்த் தோட்டம். ஒன்றாம் எண் கூட்டரசுச் சாலை ஊரை இரண்டாக வகிர்ந்துகொண்டு போகிறது. ஜொகூர் பாருவில் தொடங்கி தாய்லாந்து எல்லையில் புக்கிட் காயு ஈத்தாம் வரை போகும் சாலை அது. 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தபின் தொலைதூர வண்டிகள் அந்தப் பக்கம் போய்விட்டன, ஆனால் ஊருக்குள் இந்தச் சாலையின் அகலமும் வேகமும் மட்டும் அப்படியே தங்கிவிட்டன. ஒரு பக்கம் கடைவரிசை, பசார், பஸ் நிறுத்தம். மறுபக்கம் கோயில், தமிழ்ப்பள்ளி, கிளினிக், அதற்குப் பின்னால் தோட்டத்து லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி. ஆக எங்கள் ஆட்கள் எந்தக் காரியத்துக்குப் புறப்பட்டாலும் நான்கு தடத்தைக் கடந்தாக வேண்டும்.

இப்போது ஊருக்குள் போகும் அந்தச் சாலையின் முக்கால் கிலோமீட்டரை மாற்றியமைக்க ஒரு வரைபடம் போட்டு, மக்கள் கருத்துக்கு வைக்கப் போகிறார்கள். விளக்கத்தாளைத் தமிழில் எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. படித்துவிட்டுக் கூட்டத்துக்கு வரப்போகிறவர்கள் பால் வெட்டியவர்களும் பழக்குலை அறுத்தவர்களும்தான், அகராதியோடு வரமாட்டார்கள்.

சரி, சொற்களுக்கு வருகிறேன். ‘நிறைவுத் தெரு’ என்று பஸ் நிறுத்தத்தில் பூ விற்கும் அக்காவிடம் சொன்னேன். “ஏன் தம்பி, ரோடு வேலை முடிஞ்சிருச்சா?” என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான். பணி நிறைவு, விழா நிறைவு, ஆண்டு நிறைவு என்று நாம் எங்கே அந்தச் சொல்லைப் போட்டாலும் முடிந்துபோனதைத்தான் சொல்கிறோம். ‘முழுமைத் தெரு’வுக்கும் அதே கதி, ஒருவர் “அப்போ இது பாதித் தெருவா?” என்றார். ‘ஒருங்கிணைந்த சாலை’யைக் கேட்டு யாரும் எதுவும் சொல்லவில்லை, அது அதைவிட மோசம்.

ஆங்கிலத்திலேயே இது வந்த கதையைப் பாருங்கள். சாலை போடும்போதே நடப்பவரையும் மிதிவண்டிக்காரரையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் முன்பு ‘ரூட்டீன் அக்காமடேஷன்’ (வழக்கமாகவே இடம் விடுவது) என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொடர் யார் மனசிலும் ஒட்டாததால் பார்பரா மெக்கானும் அவரோடு வேலை செய்தவர்களும் வேறு சொல் தேடி, 2003இல் ‘கம்ப்ளீட் ஸ்ட்ரீட்ஸ்’ என்று வைத்தார்கள். அவர்கள் தங்கள் ஊர் ஆட்களுக்குப் புரியும் சொல்லைத் தேடினார்கள், நாமும் அதைத்தானே செய்ய வேண்டும், அவர்கள் கண்டுபிடித்ததை எதற்காக எழுத்துக்கு எழுத்து பெயர்க்க வேண்டும்? டச்சுக்காரர்கள் குடியிருப்புத் தெருவில் வண்டி மெதுவாக வரவேண்டும், பிள்ளைகள் விளையாட வேண்டும் என்று டெல்ஃப்ட் நகரில் தெருக்களை மாற்றியபோது ‘வூனெர்ஃப்’ என்றார்கள். அதில் ‘எர்ஃப்’ என்பது வீட்டு முற்றம். 1976இல் அது அவர்கள் சட்டத்திலேயே ஏறிவிட்டது. வீட்டில் கிடந்த சொல்லை எடுத்துத் தெருவில் வைத்தார்கள்.

அப்புறம், ‘சாலை’யா ‘தெரு’வா என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சாலை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவது. தெருவில் ஆட்கள் இருக்கிறார்கள்: வீடு, கடை, திண்ணை, தேர் வரும் வழி. எங்கள் ஊரின் இரண்டு முனையிலும் அது சாலை, நடுவில் அது தெரு. அதைத் தெரு என்று ஒப்புக்கொள்வதில்தான் இந்த மாற்றியமைப்பே தொடங்குகிறது. ஒப்புக்கொண்டால்தான் வண்டிக்காரர் இங்கே விருந்தாளி மாதிரி மெதுவாக வரவேண்டும் என்று கேட்க முடியும். அதனால் எந்தச் சொல் வந்தாலும் பின்னால் ‘தெரு’ இருக்கட்டும்.

முன்னால் என்ன போடுவது? தெருவைப் பயன்படுத்துகிறவரைச் சொல்லும் ‘யூசர்’ என்பதற்குப் ‘பயனர்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். கணினிக்கு அது பொருந்தும். ஆனால் கிளினிக் மருந்துப் பையோடு சாலை ஓரத்தில் நிற்கும் ஒரு பாட்டியைப் பயனர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை அப்படி ஒருவரை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் பால் வெட்டியவர், இப்போது ஊன்றுகோல். இடப்பக்கத் தடத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி நின்று வழிவிட்டது. பாட்டி இறங்கினார். லாரியின் மறைவில், அடுத்த தடத்தில், வேகம் குறையாமல் ஒரு மோட்டார் சைக்கிள். அதில் வந்த பையன் பாட்டியைப் பார்க்கவில்லை, பாட்டியும் அவனைப் பார்க்கவில்லை, பார்க்க வழியே இல்லை. கோலை நீட்டியபடியே பின்வாங்கி லோங்காங் (சாலையோரச் சாக்கடை) பலகை மேல் ஏறி நின்றுகொண்டார். ஒரு திசையில் இரண்டு தடம் இருந்தால் இந்த ஆபத்து எப்போதும் இருக்கும். ஒரு தடம்தான் என்றால் நின்ற லாரிக்கு அந்தப் பக்கம் அதே திசையில் போக இன்னொரு தடமே இருக்காது.

நான்கு தடத்தைத் திசைக்கு ஒன்றாகக் குறைத்து, நடுவில் திரும்புவதற்கு ஒரு தடம் விடுவதை ‘ரோட் டயட்’ என்கிறார்கள். அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலைத் துறையின் கணக்கில் இப்படி மாற்றிய இடங்களில் விபத்து 19 முதல் 47 விழுக்காடு வரை குறைந்திருக்கிறது. இதற்குச் ‘சாலை உணவுக்கட்டுப்பாடு’ என்று ஒரு மொழிபெயர்ப்பைப் பார்த்தேன், தயவுசெய்து வேண்டாம். ‘தடக்குறைப்பு’ போதும், சொன்னவுடனே புரிகிறது. ‘டிராஃபிக் காமிங்’ என்பதைப் ‘போக்குவரத்து அமைதிப்படுத்தல்’ என்றால் ஹாரன் சத்தத்தைக் குறைக்கிறார்கள் என்று நினைப்பார்கள். அங்கே குறைப்பது வேகத்தை, ஆகவே ‘வேகத்தணிப்பு’. நடுவில் நின்று மூச்சுவிடும் மேடை ‘நடுத்திட்டு’. ஆற்று நடுவில் திட்டு பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

பாட்டிக்குத் திரும்புகிறேன். அவர் என்ன செய்கிறார்? அந்தத் தெருவில் புழங்குகிறார். பூக்கார அக்கா புழங்குகிறார், பள்ளிப் பிள்ளைகள், ரொட்டிக்காரர், சக்கர நாற்காலியில் வரும் கிராணியார் (பழைய தோட்டத்துக் கணக்கர்), மோட்டாரில் வேலைக்குப் போகும் பையன், எல்லாரும் அங்கே புழங்குகிறவர்கள். மோட்டாரை இங்கே தள்ளிவிட்டுப் பேச முடியாது. மலேசியச் சாலைகளில் சாகிறவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மோட்டாரில் போனவர்கள், அதில் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். ‘நடைத்தெரு’ மாதிரிச் சொற்கள் அவனை வெளியே விட்டுவிடும். புழக்கம் எல்லாரையும் உள்ளே எடுத்துக்கொள்கிறது.

என் முன்மொழிவு: புழங்குதெரு. குடிநீர், சுடுகாடு, ஊறுகாய் போல வினைத்தொகை. முக்காலத்துக்கும் பொருந்தும்.

———

வணக்கம்.

இரண்டு நாளில் ஐந்து மறுமொழிகள். முக்கியமானவற்றுக்கு மட்டும் எழுதுகிறேன்.

> புழங்குதெரு என்றால் ஆள் நடமாட்டம் மிகுந்த தெரு என்றுதானே தோன்றும்? வடிவமைப்பு என்ற கருத்து எங்கே வருகிறது?

கோவை ஐயா, நியாயமான கேள்வி. முதல் தடவை ‘எல்லாரும் புழங்கும் தெரு’ என்று விரித்து எழுதி, அடுத்த வரியிலிருந்து ‘புழங்குதெரு’ என்று சுருக்கிக்கொள்ளலாம். பொருள் சொல்லுக்குள் முழுசாக அடைந்து கிடக்க வேண்டியதில்லை, பழக்கத்தில் ஏறும். ‘அஞ்சடி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் கடைகளுக்கு முன்னால் கூரையோடு நடைவழி விடவேண்டும் என்று விதி வைத்தார், மலாயிலே அது ‘காக்கி லீமா’ ஆனது, நம் பெரியவர்கள் ‘அஞ்சடி’ என்றார்கள். அஞ்சு அடி என்பதில் கூரையும் இல்லை நடையும் இல்லை, ஆனாலும் மழையில் எங்கே ஒதுங்குவது என்று யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. (எங்கள் ஊர் அஞ்சடியில் இப்போது கடைக்குக் கடை தரை ஏறி இறங்குகிறது, ஒருவர் அரை அடி உயர்த்தினால் அடுத்தவர் ஓடு பதித்து வழுக்க விடுகிறார். வரைபடத்தில் இதைச் சமன்படுத்தச் சொல்லிக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். 15 சென்டிமீட்டர் படிக்கு 12க்கு 1 என்ற சரிவு போட்டாலே 1.8 மீட்டர் நீளம் வேண்டும். அது இல்லாமல் சக்கர நாற்காலி ஏறாது.)

> ‘புழங்கு’ பேச்சுவழக்கு. அரசு ஆவணத்தில் கனம் இருக்காது.

அக்கா, இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கும் கனம் வேறு எதிலும் இல்லை என்பதுதான் என் எண்ணம். ‘அந்தத் தெருவில் புழங்கக் கூடாது’ என்று நம் முன்னோர் எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டது! 1924இல் வைக்கத்தில் போராடியது கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காக. அதே ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானமும் பொதுத்தெருவும் பொதுக்கிணறும் எல்லாச் சாதியாருக்கும் பொது என்பதுதான். கப்பலேறி இந்தத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் அந்தத் தடையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். இன்றைக்குத் தடுப்பது சாதி இல்லை, நான்கு தடமும் வேகமும் லோங்காங் பலகையும்தான், ஆனால் ‘நீ இங்கே புழங்க முடியாது’ என்ற சேதி அந்தப் பாட்டிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அதை மாற்றுவதற்கு வைக்கும் பெயரில் அந்த வினைச்சொல்லே இருக்கட்டும்.

> மறுசீரமைப்பு என்று சேர்த்தால் தெளிவாகும்: ‘தெரு மறுசீரமைப்பு’.

எங்கள் பக்கம் சீரமைப்பு என்றால் புதுத் தார் ஊற்றுவது. தார் புதுசானால் வண்டி இன்னும் வேகமாகப் போகும், நாம் சொல்லவருவதற்கு நேர் எதிர். ‘தெரு மாற்றியமைப்பு’ என்றே எழுதிவிட்டேன்.

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன ‘கடவை’யை மனசார எடுத்துக்கொள்கிறேன். இங்கே ‘வரிக்குதிரைக் கோடு’ என்றால் வெறும் சாயம் என்று ஆகிவிட்டது. ‘கடவை’ என்றால் கடப்பதற்கு என்று விட்ட இடம். நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திக் கட்டுவதை ‘மேட்டுக்கடவை’ என்று போட்டிருக்கிறேன்.

நேற்று மாலை தாளை எடுத்துப்போய்ப் பூக்கார அக்காவிடமே படித்துக் காட்டினேன். தொடக்கம் இப்படி: “நம் ஊர்ப் பெரிய ரோட்டை எல்லாரும் புழங்கும் தெருவாக மாற்றியமைக்க ஒரு திட்டம் வந்திருக்கிறது. இந்தப் புழங்குதெருவில் தடக்குறைப்பு, பள்ளி முன்னால் மேட்டுக்கடவை, நடுத்திட்டு, மோட்டாருக்குத் தனி ஓரம் இருக்கும்.” அவர் தடக்குறைப்பை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மற்றதெல்லாம் புரிந்தது, “பஸ் ஸ்டாப்புக்கு நெழலு உண்டா?” என்று கேட்டார், அது வரைபடத்தில் இல்லை, சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

தெருமுனையில் ஓரக்கல்லை வண்டித் தடத்துப் பக்கம் தள்ளிக் கட்டுகிறார்களே, கடக்கும் தூரம் குறையவும் வண்டி மெதுவாகத் திரும்பவும், அதற்கு ‘முனைநீட்டம்’ என்று வைத்திருக்கிறேன். எனக்கே திருப்தி இல்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.