காசு கொடுத்து வாங்காத நினைவுப் பொருள்கள்: உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது?

பீஷான் அத்தை:

இங்கே சிங்கப்பூரில் வங்கி, நகைக்கடை, மளிகைக்கடை, அரசாங்கம் என்று யாரோ விளம்பரத்துக்குக் கொடுத்து, போகாமல் வீட்டிலேயே தங்கிவிட்ட பொருள்களைப் பற்றிச் சொல்லுங்களேன். கண்ணாடி அலமாரியில் வைத்ததைவிடப் புழங்கித் தேய்ந்ததாக இருந்தால் நல்லது.

நானே ஆரம்பிக்கிறேன். என்னிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய, பண்டிகைக் காசு வைத்துக் கொடுக்கும் தீபாவளி உறைகள். சீனர்களுக்குச் சிவப்பு அங் பாவ், மலாய்க்காரர்களுக்குப் பச்சை உறை. நமக்கு ஊதாவும் ஆரஞ்சும் மஞ்சளுமாக, மயிலும் மாங்காயும் குத்துவிளக்கும் போட்டு வங்கிகளும் கடைகளும் அடித்துக் கொடுக்கின்றன. என் பாட்டி தீபாவளிக் காசை அப்படியே உள்ளங்கையில் வைத்து அழுத்துவார். இப்போது உறையில்லாமல் கொடுத்தால் பிள்ளைகளே ஒரு மாதிரி பார்க்கிறார்கள். சென்னையிலிருந்து வந்த என் மருமகளிடம் முதல் தீபாவளிக்கு உறையை நீட்டினேன். மூலையிலிருந்த சின்னத்தைப் பார்த்துவிட்டு, "பேங்க்ல இருந்து லெட்டரா அத்தை?" என்றாள்!

அந்த டின்னில் எனக்குப் பிடித்தது ஒரு நிறுவனத்தின் பழைய உறை. பெயர் வேண்டாம். தங்க மையில் அழகான கோலம், அதன் கீழே தமிழ் வாழ்த்து. ஆனால் மெய்யெழுத்துகளின் புள்ளியெல்லாம் கழன்று ஒரு பக்கம் நிற்கிறது, கொம்பும் காலும் ஆளுக்கொரு திசையில். எழுத்துருவை வடிவமைப்பு மென்பொருள் சரியாகச் சேர்க்காததால் வந்த வினை. அச்சுக்குப் போகுமுன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். சிங்கப்பூரில் தமிழ் அச்சைக் கவனித்துப் பார்ப்பவர்களுக்கு இந்த அலங்கோலம் பழக்கம்தான். அன்று கோபம் வந்தது, இன்று அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறேன்.

ஜூரோங் மாமா:

2000 ஜனவரி, மெக்டோனல்ட்ஸ், ஹலோ கிட்டி பூனைப் பொம்மை. இதற்கு மேல் சொல்லவேண்டுமா?

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாண உடையில் கிட்டியும் டியர் டேனியலும், ஒரு ஜோடி தீர்ந்தால் அடுத்த ஜோடி. உணவு வாங்கினால்தான் பொம்மை வாங்க முடியும். நான் இரவு வேலை முடித்து அப்படியே போய் அண்ணன் மகளுக்காக நின்றேன். விடியவில்லை, அதற்குள் வரிசை புளோக்கைச் சுற்றிவிட்டது. எனக்கு முன்னால் ஒரு சீனப் பாட்டி மடக்கு நாற்காலியோடு. கழிவறைக்குப் போகும்போது நாற்காலியை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். எங்களுக்குள் பொது மொழி எதுவும் கிடையாது, கைச்சாடைதான். வாங்கிய பர்கரை மேசையிலேயே விட்டுவிட்டுப் பொம்மையோடு போனவர்களையும் பார்த்தேன். பூன் கெங் கிளையில் கூட்டம் நெருக்கிக் கண்ணாடிக் கதவு உடைந்து சிலருக்குக் காயம் என்று செய்தி வந்ததும் அப்போதுதான். புதிய ஆயிரமாண்டு பிறந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேசிய நேரம், நாங்கள் பூனைக்கு வரிசையில் நின்றோம்.

பொம்மை இன்னும் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. அண்ணன் மகள் கல்யாணத்தில் அதை வரவேற்பு மேசையில் வைக்கலாமே என்றேன். முறைத்தாள்.

தேக்கா ராணி:

எங்கள் வீட்டில் தேசிய தினப் பைதான் எல்லாம். அணிவகுப்பு பார்க்கப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் அன்பளிப்புப் பை, ஃபன்பேக் என்று பிள்ளைகள் சொல்வது. 2015ல் சிங்கப்பூர் சுதந்திரத்தின் 50 ஆண்டை எஸ்ஜி50 என்று கொண்டாடியபோது, அணிவகுப்புக்குப் போகாதவர்களுக்கும் சேர்த்து வீட்டுக்கு ஒன்றாக, மொத்தம் சுமார் 12 லட்சம் பைகள் கொடுத்தார்களே, அதுதான். பையில் 50 விதமான ஓவியங்கள், யாருக்கு எது வரும் என்று தெரியாது. எனக்கு வந்தது பிடிக்காமல் எதிர்வீட்டு மலாய் அக்காவோடு மாற்றிக்கொண்டேன்.

உள்ளே ஐந்து கல் விளையாட்டு இருந்தது. துணியில் தைத்த குட்டி முக்கோணங்கள். என் பிள்ளைகளுக்கு அதை ஆடத் தெரியவில்லை. என் அம்மா முட்டி வலியையும் மறந்து தரையில் உட்கார்ந்து, ஒன்றை மேலே போட்டு மற்றதை வாரி எடுத்துப் பிடித்தார். ஊரில் கூழாங்கல்லில் ஆடிய கை. "இதென்ன, கல்லில்லாத கல்லு!" என்று அலுத்துக்கொண்டே ராத்திரி வரை விடவில்லை.

அதே வருடம் பள்ளியில் என் மகனுக்கு லெகோ பெட்டி கிடைத்தது. கேவனா பாலம், சாங்கி விமான நிலையம், கரையோரப் பூந்தோட்டங்கள். பிரிக்காமல் வைத்தால் பிற்காலத்தில் விலை போகும் என்று அவன் அப்பா உத்தரவு போட்டார். ஒரு நாள் சோபாவுக்கு அடியில் பெருக்கும்போது விமான நிலையம் வெளியே வந்தது. பெட்டி மட்டும் அலமாரியில் பத்திரமாக இருந்தது, காலியாக.

அப்புறம் 2020. கொரோனா நேரத்தில் எதற்கு ஃபன்பேக், குப்பைதானே என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். வேண்டாதவர்கள் வாங்க வேண்டாம் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். நான் சமூக மன்றத்துக்குப் போய் வாங்கினேன். முகக்கவசம், கிருமிநாசினி, வெப்பமானி! தேசிய தினத்துக்கு வெப்பமானி கொடுத்த வருடம் என்று வேறு எதையாவது காட்ட முடியுமா? நினைவுக்காகச் செய்த பதக்கங்களும் சாவிக்கொத்துகளும் என்னிடமும் உண்டு, ஒன்றும் ஞாபகம் வருவதில்லை. இந்த வெப்பமானியை இப்போதும் பேத்திக்குக் காய்ச்சல் என்றால் எடுக்கிறேன், உடனே எம்ஆர்டி ரயிலில் உட்காரக்கூடாது என்று ஒன்றுவிட்டு ஒன்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இருக்கைகள் கண்முன் வந்துவிடும்.

எஸ்ஜி50 பை போன வருடம் தேக்கா ஈரச்சந்தையில் மீன் தண்ணீர் பட்டுக் கிழிந்தது. தைத்துவிட்டேன்.

பாஞ்சாங் தம்பி:

என்னுடையது சின்ன விஷயம். தைப்பூசத்தில் அக்கா பால்குடம் எடுத்தாள். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை வெயிலில் நடை. வழியில் யாரோ கையில் திணித்த காகித விசிறி, ஒரு பக்கம் வேல், மறுபக்கம் காப்புறுதி விளம்பரம். வழி நெடுக அக்காவுக்கு அதைக் கொண்டுதான் வீசினேன். இப்போது அம்மா அதில் சாம்பிராணி வீசுகிறார். ஓரம் கருகிவிட்டது, முகவரின் தொலைபேசி எண் மட்டும் தெளிவாக இருக்கிறது. ஒருவரும் பாலிசி எடுக்கவில்லை.

பீஷான் அத்தை:

ராணி, அந்த ஐந்து கல் இன்னும் உங்களிடம் இருக்கிறதா? எங்கள் பையில் வந்ததில் ஒன்று தொலைந்துவிட்டது. உபரியாக ஒன்று இருந்தால் சொல்லுங்கள், எழுத்து உதிர்ந்த உறை ஒன்று தருகிறேன்.