உடல் எடை 11 கிலோ கூடிவிட்டது. இதில் தசை எவ்வளவு? மிகையாக உண்டு பளு தூக்குவது குறித்து ஒரு கேள்வி

கட்டிங்மேசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 24, உயரம் 172 சென்டிமீட்டர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். சிறு வயது முதல் எலும்பும் தோலுமாக இருந்தவன். நான்கு மாதங்களுக்கு முன்பு ஜிம்மில் சேர்ந்தபோது என் எடை 58 கிலோ. அங்கிருந்த பயிற்சியாளர், "முதலில் உடம்பை ஏற்று, செதுக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; வயிறு போதும் என்று சொன்ன பிறகும் இரண்டு கவளம் உள்ளே போக வேண்டும்" என்றார். அவர் சொன்னதை அப்படியே கடைப்பிடித்தேன். காலையில் பத்து இட்லி, பத்து மணிக்கு ஆறு வாழைப்பழமும் நாட்டுச்சர்க்கரையும் சேர்த்து அடித்த அரை லிட்டர் பால், மதியம் மெஸ்ஸில் இரண்டு முறை வாங்கிச் சாப்பிடும் சோறு, மாலையில் பயிற்சி முடிந்ததும் எடை கூட்டும் பவுடர், இரவு ஐந்து பரோட்டா, சால்னா, இரண்டு முட்டை.

இப்போது எடை 69 கிலோ. ஆனால் இடுப்பளவு 74 சென்டிமீட்டரிலிருந்து 86 ஆகிவிட்டது. கையின் சுற்றளவோ 27-இலிருந்து 29 மட்டுமே. பெஞ்ச் பிரஸ்ஸில் (பலகையில் மல்லாந்து படுத்து மார்புக்கு மேலே எடையைத் தள்ளுவது) முதல் மாதம் 30 கிலோவிலிருந்து 40-க்கு வந்தேன், அதன்பிறகு நகரவில்லை. ஸ்குவாட்டிலும் (எடைக் கம்பியைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுவது) 50 கிலோவிலேயே நிற்கிறேன். என் தந்தைக்கு 45 வயதில் சர்க்கரை நோய் வந்தது என்பதால் மனத்தில் அச்சமும் இருக்கிறது. இதே முறையில் 75 கிலோ வரை போகலாமா, இல்லை இத்துடன் நிறுத்த வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பழைய பளுதூக்கி எழுதியது:

தம்பி, உங்கள் பயிற்சியாளர் சொன்னது முழுவதும் தவறு என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் நானும் அந்த வழியில் போனவன்தான். கல்லூரி விடுதியில் இருந்தபோது 62 கிலோவிலிருந்து ஒன்றரை ஆண்டில் 88 கிலோவுக்கு ஏறினேன். எங்களுக்கு முன்னே பயிற்சி செய்தவர்கள், ஒரே மூச்சில் இருபது முறை ஸ்குவாட் செய்துவிட்டு வயிறு முட்டப் பால் குடிக்க வேண்டும் என்பார்கள். 1930-களிலேயே அமெரிக்காவில் பரவிய முறை அது. அந்த ஒன்றரை ஆண்டில் என் ஸ்குவாட் 70 கிலோவிலிருந்து 150 கிலோவுக்கு வந்தது. நன்றாக உண்டவனுக்குப் பயிற்சியில் ஒரு தெம்பு இருக்கும். அரைவயிற்றோடு கம்பியின் கீழே நுழைபவனுக்கு அது இருக்காது. இதை நான் உடம்பால் அறிந்திருக்கிறேன்.

ஆனால் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். அந்த 88 கிலோவில் குனிந்து ஷூ கயிறு கட்டினால் எனக்கு மூச்சு வாங்கும். பிறகு 14 கிலோவைக் குறைக்க ஏழு மாதங்கள் பிடித்தன. அந்த ஏழு மாதங்களில் எடை தூக்கும் வலிமை ஒரு படிகூட முன்னேறவில்லை. ஏறியதில் பாதி தேவையற்ற சுமை என்பது குறைக்கும்போதுதான் புரிந்தது. ஆகவே என் கருத்து, சாப்பாட்டை முழுவதுமாகக் குறைத்துவிடாமல், இரவுப் பரோட்டாவையும் அந்தப் பவுடரையும் மட்டும் நிறுத்திவிட்டு மெதுவாக 75-ஐ நோக்கிப் போகலாம் என்பதே.

உணவியல் மாணவி எழுதியது:

மேலே அண்ணன் எழுதியதில் பெரும்பகுதி சரி. ஆனால் 75 கிலோவை நோக்கி இப்போதே போகலாம் என்ற இடத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தசையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர், ஐந்தில் ஒரு பங்கு புரதம். அதாவது ஒரு கிலோ தசைக்குள் இருக்கும் புரதம் சுமார் 200 கிராம்தான். அந்த ஒரு கிலோவைக் கட்டப் புதிதாகப் பளு தூக்குபவருக்கே சில வாரங்கள் ஆகும் என்றால், உடல் நாளொன்றுக்குக் கேட்கும் கூடுதல் மூலப்பொருள் மிகச் சிறியது என்பது விளங்கும். வேகத்தைத் தீர்மானிப்பது பயிற்சி தரும் தூண்டுதலும் உறக்கமும் உடல்வாகுமே தவிர, தட்டில் விழும் கூடுதல் பரோட்டா அல்ல. கொத்தனார் இருவர் மட்டும் இருக்கும் இடத்தில் பத்து லாரி செங்கல் இறக்கினால் சுவர் வேகமாக எழாது. செங்கல் வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும். நம் உடலில் அந்த வாசல் வயிறு.

இதற்கு ஆய்வுச் சான்றுகள் இருக்கின்றன. கனடாவின் கியூபெக்கில் நடந்து 1990-இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில், ஒரே கருவில் பிறந்த இரட்டையர் 12 ஜோடிகளுக்கு 84 நாட்கள், நாளொன்றுக்கு 1000 கலோரி கூடுதலாக உணவு கொடுத்தார்கள். உடற்பயிற்சி எதுவும் கிடையாது. சராசரியாக 8.1 கிலோ ஏறியது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கொழுப்பு. ஒரே அளவு உண்டும் ஒருவர் 4.3 கிலோ மட்டுமே ஏற, இன்னொருவர் 13.3 கிலோ ஏறினார். இரட்டையர் இருவரும் ஏறிய அளவு பெரும்பாலும் ஒத்திருந்தது. எனவே நண்பர் ஒருவர் இவ்வளவு சாப்பிட்டும் வயிறு வைக்கவில்லை என்பது உங்களுக்கு அளவுகோல் ஆகாது.

பயிற்சியும் சேரும்போது என்ன ஆகும் என்பதற்கு நார்வேயின் உயர்நிலை விளையாட்டு வீரர்களிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வைப் பார்க்கலாம். எல்லோருமே பளு தூக்கினார்கள். ஒரு குழுவினர் உணவு ஆலோசகர் சொன்னபடி நாளொன்றுக்குச் சுமார் 3600 கலோரி உண்டார்கள். இன்னொரு குழுவினர் தம் விருப்பப்படி சுமார் 3000 கலோரி உண்டார்கள். அதிகம் உண்டவர்களின் எடை கூடுதலாக ஏறியது உண்மை. ஆனால் அவர்களது கொழுப்பு ஏறத்தாழ 15 விழுக்காடு கூடியது, மற்றவர்களுக்கு 3 விழுக்காடு மட்டுமே. தசை சார்ந்த எடையில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நான் இதை முதன்முதலில் படித்தபோது என் குறிப்பேட்டில் சிவப்பு மையால் கோடிட்டு வைத்தேன்.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். பதினாறு வாரங்களில் 11 கிலோ என்றால் வாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம். பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் வேகம், உடல் எடையில் வாரத்துக்கு கால் முதல் அரை விழுக்காடு வரைதான். அதாவது உங்களுக்கு 150 முதல் 300 கிராம். இடுப்பு 12 சென்டிமீட்டரும் கை 2 சென்டிமீட்டரும் பெருத்திருப்பது, ஏறியதில் பெரும்பங்கு எங்கே போனது என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் இடுப்பளவைத்தான் எச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியர்களுக்கு அது 94. நம்மவர்களுக்கு எடை குறைவாக இருக்கும்போதே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்வதும், அதனால் சர்க்கரை நோய் இளம் வயதிலேயே வருவதும் நன்கு அறியப்பட்டவை. தந்தைக்கு 45 வயதில் வந்திருக்கும்போது நீங்கள் 90-ஐத் தொட்டுப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் இந்த வாரமே செய்துகொண்டு, முடிவை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

என் பரிந்துரை: கூடுதல் உணவை நிறுத்துங்கள், பட்டினி கிடக்காதீர்கள். பயிற்சியில் நீங்கள் இன்னும் புதியவர். உடலைத் தேவையான அளவு உணவில் வைத்தபடியே தசையைக் கூட்டிக் கொழுப்பைக் குறைக்க இந்தக் கட்டத்தில் இயலும். இடுப்பு 80-க்கு அருகில் வந்த பிறகு, நாளொன்றுக்கு 250 அல்லது 300 கலோரி மட்டும் கூட்டி மீண்டும் தொடங்கலாம்.

கட்டிங்மேசை எழுதியது:

மிக்க நன்றி, அக்கா. படிக்கும்போதே சட்டையின் கடைசிப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பரிசோதனைக்கு ஞாயிறு காலை போகிறேன். புரதம் எவ்வளவு வேண்டும், அதை மெஸ் சாப்பாட்டில் எப்படிச் சரிசெய்வது என்று சொல்ல முடியுமா? கோழி வாரத்தில் ஒருநாள்தான் கட்டுப்படியாகும். அந்தப் பவுடர் இன்னும் பாதி டப்பா மீதி இருக்கிறது.

உணவியல் மாணவி எழுதியது:

49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் வெளியான தொகுப்பின்படி, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் போதும். அதற்கு மேல் உண்பதால் தசையில் கூடுதல் பயன் பெரிதாகத் தென்படவில்லை. உங்களுக்கு அது 110 கிராம். நான்கு முட்டையில் 25, அரை லிட்டர் பாலில் 16, ஐம்பது கிராம் நிலக்கடலையில் 12, காய்ந்த நிலையில் ஐம்பது கிராம் எடைபோட்ட மீல் மேக்கரில் 26. இதுவே 79 ஆகிவிட்டது. மீதி முப்பதைச் சோறும் இட்லியும் சாம்பாரும் சுண்டலும் தந்துவிடும். மீல் மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை கையால் இறுகப் பிழிந்துவிட்டு மெஸ் குழம்பில் போட்டால் வாடை இருக்காது; குழம்பும் அதற்குள் இறங்கிவிடும். பவுடர் டப்பாவின் பின்பக்கம் முதலில் எழுதியிருக்கும் பொருளைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் அது மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்தாகத்தான் இருக்கும். மீதியை எடை கூட வேண்டிய வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம்.

கொளத்தூர்க்காரி எழுதியது:

இதைப் படிக்கும் மற்ற ஒல்லியானவர்கள் "அதிகம் சாப்பிடக் கூடாது" என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாதே என்பதற்காக எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் எடை 41 கிலோ. "எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம், வாயில் போட்டதையெல்லாம் சமையலறை நாள்காட்டியின் ஓரத்தில் எழுதி வைத்தேன். திங்கள் காலை இரண்டு தோசை என்று நினைத்திருந்தது ஒன்றரை. மீதியை மகன் எடுத்துக்கொண்டிருந்தான். செவ்வாய் மதியம் காபியோடு முடிந்திருந்தது. கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு 1300 கலோரிகூட வரவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு, பசிக்கு மேல் கொஞ்சம் உண்பதுதான் மருந்து. பொடி இட்லிக்கு ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் கூடுதலாக ஊற்றினால் 120 கலோரி. வயிறு அதை உணர்வதே இல்லை. பளுவும் தூக்கினேன், பதினான்கு மாதங்களில் 49 கிலோவுக்கு வந்தேன். காரணமில்லாமல் எடை குறைந்துகொண்டே போகிறவர்கள் மட்டும் முதலில் தைராய்டையும் சர்க்கரையையும் பரிசோதித்துவிட வேண்டும்.

கர்லாக்கட்டை எழுதியது:

எல்லோரும் தட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கம்பியைப் பற்றிப் பேச வேண்டும். தம்பி, நான்கு மாதங்களாக ஸ்குவாட் 50 கிலோவிலேயே நிற்கிறது என்றால், உடம்புக்குப் புதிய தசை தேவைப்படும் காரணத்தையே நீங்கள் கொடுக்கவில்லை. உங்களிடம் பயிற்சிக் குறிப்பேடு இருக்கிறதா? வாரத்துக்கு ஒருமுறை பயிற்சியை மாற்றிக்கொண்டே இருக்கிறீர்களா?

கட்டிங்மேசை எழுதியது:

குறிப்பேடு இல்லை, அண்ணா. ஒவ்வொரு வாரமும் புதுப் புதுப் பயிற்சிதான் தருகிறார்கள். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு என்று ஒரு பகுதிக்கு வாரம் ஒருநாள். கால் பயிற்சி பல வாரங்கள் தவறியிருக்கிறது.

கர்லாக்கட்டை எழுதியது:

நான் நினைத்தது அதுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், கம்பியைக் குனிந்து இழுக்கும் ரோ, எடையைத் தலைக்கு மேலே தள்ளும் தோள் பிரஸ், கம்பியைப் பிடித்து இடுப்பை மடக்கிக் குனிந்து நிமிரும் ருமேனியன் டெட்லிஃப்ட் ஆகிய ஐந்தையும் மூன்று மாதங்களுக்கு மாற்றாதீர்கள். ஒவ்வொரு தசையும் வாரத்தில் இரண்டு நாட்களாவது வேலை செய்ய வேண்டும். ஒரு தசைக்கு வாரத்தில் பத்து செட் (இடையில் ஓய்வில்லாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்றுதான் ஒரு செட்) அளவுக்கு வந்தால் தொடக்கத்துக்குப் போதும். ஒரு செட்டை, இன்னும் ஒன்றோ இரண்டோ தூக்க முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள்; ஆறு ஏழு மீதம் வைத்து நிறுத்தினால் அது வெறும் கைகால் ஆட்டம். 40 கிலோவை எட்டு முறை தூக்கியவர் அடுத்த முறை ஒன்பது, அதற்கடுத்த முறை பத்து என்று போய், மூன்று செட்டிலும் பத்து வந்ததும் 2.5 கிலோ கூட்ட வேண்டும். நின்றுகொண்டே வேலை செய்பவர் என்பதால் கால் பயிற்சியை ஓய்வு நாளுக்கு முந்தைய மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் ஏழு மணி நேரமாவது உறங்க வேண்டும். ஓவர்டைம் உள்ள வாரத்தில் ஒரு நாள் பயிற்சியை விட்டாலும் உறக்கத்தை விடாதீர்கள்.

பழைய பளுதூக்கி எழுதியது:

தங்கை எழுதியதைப் படித்த பிறகு, 75-ஐ நோக்கிப் போகலாம் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தந்தையின் சர்க்கரை நோயை நான் அப்போது கணக்கில் எடுக்கவில்லை. என் உணவு பலித்ததற்குக் காரணம் ஸ்குவாட் 150-க்கு ஏறிக்கொண்டே இருந்ததுதான் என்பதும் இப்போது தெளிவாகிறது.

கட்டிங்மேசை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நோட்டு வாங்கிவிட்டேன், முதல் பக்கத்தில் இன்றைய எடையையும் அளவுகளையும் எழுதியிருக்கிறேன். கடைசியாக ஒரு ஐயம்: இடுப்பளவைப் பேன்ட் கட்டும் இடத்தில் எடுப்பதா, தொப்புளுக்கு நேராக எடுப்பதா? கட்டிங் பிரிவில் டேப்புக்குக் குறைவில்லை, ஆனால் இடத்துக்கு இடம் அளவு மாறுகிறது.

உணவியல் மாணவி எழுதியது:

பேன்ட் கட்டும் இடம் வேண்டாம். விலாவின் கடைசி எலும்பையும், இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப் தரைக்கு இணையாகச் சுற்றி வர வேண்டும். வயிற்றை உள்ளிழுக்காமல், இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும் இடத்தில் அளவைப் படியுங்கள். வாரம் ஒருமுறை, காலையில் கழிப்பறை சென்று வந்த பிறகு, எதுவும் குடிப்பதற்கு முன் எடுங்கள். உங்கள் 74-ம் 86-ம் எந்த இடத்தில் எடுத்தவை என்பதையும் அந்த நோட்டில் குறித்து வையுங்கள்.