பங்குனியில் அம்மாவைப் பூப் பார்க்கக் கூட்டிப்போக: பேராதனையா, ஹக்கலவா?

முறிகண்டி மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 67 வயது, செடி கொடி எண்டால் உயிர். மீளக்குடியேறி வந்த நேரம் கொட்டில் போட முதலே செவ்வரத்தைத் தடி ஊண்டினவ. இப்ப முற்றத்தில நந்தியாவட்டை, அடுக்கு மல்லிகை, நித்தியகல்யாணி எல்லாம் நிக்குது. கண்டிக்குக் கிட்ட இருக்கிற பேராதனைப் பூந்தோட்டத்தைக் கண்ணால பார்க்கவேணும் எண்டது அவவின்ர கனநாள் ஆசை. நான் பள்ளிக்கூடச் சுற்றுலாவில போனனான், அவவுக்கு வாய்க்கேல்லை. எந்த மாதம் நல்லது? முழங்கால் நோ இருக்கு, கன தூரம் நடக்க ஏலாது. நுவரெலியாப் பக்கம் இருக்கிற ஹக்கலப் பூந்தோட்டத்துக்கும் சேர்த்துப் போகலாமோ?

வவுனியா வாசன்:
தங்கச்சி, நான் பேராதனைக் கம்பஸில படிச்சனான், தோட்டம் கிட்டத்தான். மாசி, பங்குனியில போங்கோ. அம்ஹெர்ஸ்டியா எண்டு பர்மாவில இருந்து வந்த மரமொண்டு அங்க நிக்குது. சிவப்புப் பூக்கள் நீளக் கொத்தாத் தலைகீழாத் தொங்கும், இதழ் நுனியில மஞ்சள் பொட்டு. அந்த மரத்துக்குக் கீழ அம்மாவை ஆறுதலா இருக்க விடுங்கோ. அவசரப்படுத்தாதேங்கோ.

தோட்டம் 147 ஏக்கர், மூண்டு பக்கமும் மகாவலி சுத்தி ஓடுது. முழுக்கப் பார்க்க வெளிக்கிட்டால் முழங்கால் தாங்காது. நிலம் பெரும்பாலும் மட்டம், அது உங்களுக்கு வசதி. வாசலுக்குக் கிட்ட இருக்கிற ஓர்க்கிட் வீட்டையும் பூப்பாத்திகளையும் முதல் பாருங்கோ. பிறகு நாகலிங்க மரம்: 1901இல் இங்க வந்த இங்கிலாந்து இளவரசர், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர், நட்டது. பூ அடிமரத்திலேயே பூத்திருக்கும். தெம்பிருந்தால் சீஷெல்ஸ் இரட்டைத் தென்னையையும் காட்டுங்கோ. உலகத்திலேயே பெரிய விதை அதுதான், ஒண்டு 15, 20 கிலோ வரும்.

கிளிநொச்சியில இருந்து முதல்நாளே பஸ் எடுத்துக் கண்டியில தங்குங்கோ. பங்குனி, சித்திரையில அங்க பின்னேரம் இடி மழை வரும். வெள்ளென உள்ளுக்குப் போனால் மத்தியானத்துக்குள்ள பார்த்து முடிச்சிடலாம்.

நுவரெலியா செல்வி:
அக்கா, ஹக்கல எங்க ஊர்ல இருந்து 10 கிலோமீட்டர், வெலிமடை ரோடு. வழியிலேயே சீதாஎலிய அம்மன் கோயில் இருக்கு, கும்பிட்டுட்டுப் போகலாம். ரோஜா பார்க்கணும்னா இங்கதான் வரணும். ஆனா சித்திரை வருஷப்பிறப்பு வாரத்துல மட்டும் வேணாம், சீசன் கூட்டத்துல ரூமே கிடைக்காது. தோட்டம் மலைச்சரிவுல இருக்கு, ஏத்தம் இறக்கம் அதிகம். அம்மாவுக்கு ஒரு கம்பும் ஸ்வெட்டரும் எடுத்துட்டு வாங்க. 1861ல சிங்கோனா வளர்க்கத்தான் இந்தத் தோட்டத்தைத் தொடங்கினாங்க. அந்த மரப்பட்டையில இருந்துதான் மலேரியாவுக்குக் கொயினா மருந்து எடுத்தாங்க.

ஒட்டுசுட்டான்:
பேராதனைக்குப் போகத்தான் வேணும். ஆனால் அந்த மாதங்களில எங்கட வன்னிக் காடும் பூக்குது, அதை அம்மாவுக்குக் காட்டாமல் விடாதேங்கோ. மாரி முடிஞ்சு தையோட மழை நிக்க, காடு இலையைக் கொட்டும். மாவிலங்கை இலையே இல்லாமல் வெள்ளையாப் பூத்து, ரெண்டொரு நாளில மஞ்சளா மாறும். ஒரு சின்ன மழை பெய்தால் காயா மரத்தில கொப்பு வழிய நீலப்பூ. இவ்வளவு நீலத்தை நான் எந்தத் தோட்டத்திலயும் காணேல்லை. இலுப்பைப் பூ விடியப்புறம் பொலுபொலுவெண்டு கொட்டும், வாயில போட்டால் இனிக்கும். சித்திரையில கொன்றை. வேம்புக்குக் கீழ சீலையை விரிச்சுப் பூ பொறுக்கி வடகம் போடுறது அம்மாவுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

ஒண்டு மட்டும் கவனம். தார் றோட்டை விட்டுப் பத்தைக்குள்ள இறங்காதேங்கோ. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இன்னும் நிக்கிற இடங்கள் இருக்கு, யானையும் திரியும்.

முறிகண்டி மகள்:
எல்லாத்தையும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான். பேராதனை எண்டுதான் முடிவாயிருந்தது. சிங்கோனாக் கதையோட மாறிப்போச்சு. அவ சின்னனில மலேரியாக் காய்ச்சலில கிடந்து கொயினாக் கைப்பில அழுதவவாம். 2016இல் இலங்கையில மலேரியா இல்லை எண்டு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்ச செய்தியை நான்தான் அவவுக்குச் சொன்னது. "அந்தத் தோட்டத்தையும் பார்க்கத்தான் வேணும்" எண்டு நிக்கிறா. பங்குனியில ரெண்டுக்கும் போறம். அவ ரோசாக் கன்று வாங்கவேணும் எண்டுறா. இந்த வெக்கைக்குத் தாங்குமோ?

ஒட்டுசுட்டான்:
மலைநாட்டு ரோசா இஞ்ச கஷ்டம், சித்திரை வெயிலிலயே கருகிப்போடும். காசைக் கரியாக்காமல் வண்டா ஓர்க்கிட் ஒண்டு வாங்குங்கோ. அந்த இனத்தில ஒரு வகை எங்கட வறண்ட காட்டு மரங்களிலயே தானா வளருது, அதால வெக்கையைத் தாங்கும். காட்டில கிடக்கிறதைப் பிடுங்கவேண்டாம், கடையில வாங்கினதையே முற்றத்து வேம்பில கட்டி, காலமையும் பின்னேரமும் வேரில தண்ணி தெளிக்கச் சொல்லுங்கோ.