ஆலமரத்து வௌவால்களும் புதிய வைரஸ்களும்: ஒரு விளக்கம் தேவை

குளக்கரைவாசி:
எங்கள் ஊர்க் குளக்கரை ஆலமரத்தில் தாத்தா காலத்திலிருந்தே பழந்தின்னி வௌவால்கள் தங்கி வருகின்றன. 2018-இல் கேரளத்தில் நிப்பா பரவியதிலிருந்து மரத்தை வெட்டிவிட வேண்டும் என்று சிலர் பேசுகிறார்கள்; வௌவாலில் புதிய வைரஸ் என்று செய்தி வரும்போதெல்லாம் அந்தப் பேச்சு வலுக்கிறது. இந்த வைரஸ்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதற்காக வௌவால்களைக் கொல்கிறார்களா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் கிராம சபையில் பேச உதவியாக இருக்கும்.

கால்நடை மருத்துவர்:
கொன்று ஆய்ந்ததும் உண்டு ஐயா, ஆனால் அது கட்டாயமன்று. மலேசியாவில் 1998-99-இல் பன்றிகள் வழியாக மனிதருக்கு நிப்பா பரவி 105 பேர் இறந்தபோது, முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசு ஒழிப்பில் மாதங்களைக் கழித்தார்கள். நோயாளியிடமிருந்து வைரஸைப் பிரித்தெடுத்த மருத்துவர் சுவா காவ் பிங், அதன் இருப்பிடத்தைத் தேடித் தம் குழுவினருடன் அந்நாட்டின் தியோமன் தீவுக்குச் சென்றார். வௌவால்கள் தங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்து, இரை தேடித் திரும்பியவை கழித்த சிறுநீரைத் துளித்துளியாகச் சேகரித்தார்கள். அந்தச் சிறுநீரிலும், வௌவால் பாதி தின்று போட்ட ஒரு ஜம்புப் பழத்திலும் உயிருள்ள நிப்பா வைரஸ் கிடைத்தது. மரத்தடியில் விழும் பழம் பன்றிப் பண்ணைக்கு நோயைக் கொண்டுசெல்லக்கூடும் என்பதற்கு அந்தப் பழம் எத்தனை வலுவான சான்று என்று எண்ணிப் பாருங்கள்! அதே தீவின் வௌவால் சிறுநீரிலிருந்துதான் அதுவரை எவரும் அறியாத தியோமன் வைரஸும் கிடைத்தது.

ஆய்வக ஊழியர்:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். புதிய வைரஸ் என்று செய்தியில் வருவது பெரும்பாலும் மரபணு வரிசை மட்டுமே. தொண்டைச் சளியிலோ எச்சத்திலோ உள்ள ஆர்.என்.ஏ.வை, அதாவது வைரஸின் மரபுப்பொருளை, படித்துச் சொல்வது அது. ஸ்பெயினில் 2002-இல் ஒரு குகையில் இறந்துகிடந்த வௌவால்களிடம் எபோலாவின் உறவான யோவியு வைரஸின் மரபணு கிடைத்தது; ஆனால் உயிருள்ள வைரஸை ஹங்கேரிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த செய்தி 2022-இல்தான் வெளியானது. தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளின் வௌவால்களில் கொரோனா வகை வைரஸ் இருப்பதாக 2020-இல் வந்த ஆய்வையும் அப்படித்தான் படிக்க வேண்டும். அது மனிதருக்கு நோய் தரும் என்று அந்த ஆய்வு காட்டவில்லை.

குளக்கரைவாசி:
மிக்க நன்றி. அப்படியானால் மரத்தை வெட்டினால் ஆபத்து குறையுமா?

கால்நடை மருத்துவர்:
குறையும் என்று நம்ப இடமில்லை. உகாண்டாவின் கிடாகா சுரங்கத்தில் 2007-இல் தொழிலாளர்களுக்கு, எபோலாவை ஒத்த, வௌவாலிடமிருந்து தொற்றும் மார்பர்க் காய்ச்சல் வந்தபின் அங்கிருந்த வௌவால்களை அடியோடு ஒழித்தார்கள். சில ஆண்டுகளில் மீண்டும் குடியேறிய கூட்டத்தில் தொற்றுள்ளவை முன்பு சுமார் 5 விழுக்காடாக இருந்தது 13-ஐத் தாண்டியிருந்தது. 2012-இல் அருகிலேயே நோயும் திரும்ப வந்தது. கிராம சபையில் இதைச் சொல்லுங்கள். கடிபட்ட பழத்தை உண்ணாமலும் கால்நடைக்குப் போடாமலும் இருப்பது, கீழே விழுந்த வௌவாலைப் பிள்ளைகள் வெறுங்கையால் தொடாமல் பார்த்துக்கொள்வது ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.