புதுப்பிப்பு: டெக்சன்ஸுக்கு மறுபடியும் ஒரு புதுமுகம்

2023-ல அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ஹூஸ்டன் டெக்சன்ஸ், பாபி ஸ்லோவிக்கை அஃபென்சிவ் கோஆர்டினேட்டரா (தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடுற கோச்) எடுத்தப்ப, "அனுபவமே இல்லாத ஆளா?"ன்னு இந்த இழையில அடிச்சுக்கிட்டோமே, அதோட தொடர்ச்சி இது.

முதல் வருஷம் அமர்க்களம். குவார்ட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர்) சி.ஜே. ஸ்ட்ரவுட் தன்னோட முதல் சீசன்லயே எறிஞ்சது 4,108 யார்டு, 23 டச்டவுன்; எதிரணி பறிச்ச இன்டர்செப்ஷன் வெறும் 5. முந்தின சீசன்ல 3 மேட்ச் ஜெயிச்ச டீம் 10 ஜெயிச்சது. 2024-லயும் 10 வெற்றிதான். ஆனா லீக் மேட்ச்கள்ல, பந்தை எறியுறதுக்குள்ள ஸ்ட்ரவுட்டை 52 தடவை சாய்ச்சுட்டாங்க. சீஃப்ஸ் டீம் கூட ஆடின பிளேஆஃப் (நாக்-அவுட்) மேட்ச்ல இன்னும் 8! ஸ்லோவிக் அவுட்.

2025-ல ராம்ஸ் டீம்ல இருந்து நிக் கேலி அந்த இடத்துக்கு வந்தார். அவருக்கும் அப்ப இந்தப் பதவி புதுசு. உடனே பழைய கச்சேரி ஆரம்பம்.

அனுபவம் தேவைதான், மறுக்கல. பிளே கிளாக்ல (அடுத்த பிளேயை, அதாவது அடுத்த மூவைத் தொடங்க இருக்கிற நேரம்) 15 செகண்ட் இருக்கும்போதே குவார்ட்டர்பேக் ஹெல்மெட்ல கோச் பேசுற ரேடியோ கட் ஆயிடும். அதுக்குள்ள பிளேயைச் சொல்லி முடிக்கணும். தடுமாறினா போச்சு. அதெல்லாம் ஒரு சீசன்ல பழகிடும். ஆனா குவார்ட்டர்பேக்கைக் காக்கிற முன்வரிசை லைன் ஓட்டையா இருந்தா எந்தக் கொம்பன் வந்தும் பிரயோஜனம் இல்ல. இந்த லட்சணத்துல அந்த லைன்ல இடது பக்கம் காத்த லெஃப்ட் டேக்கிள் டன்சிலையும் வாஷிங்டன் டீமுக்கு டிரேட் பண்ணியாச்சு. திட்டணும்னா அதைத் திட்டுங்கப்பா.