இரட்டையர் புதிர்: தங்கை பக்கக் கணக்கில் 6.4 ஆண்டு குறைகிறது

கேள்வி:
வணக்கம். அக்கா பூமியில். தங்கை ஒளி வேகத்தில் 0.8 பங்கு வேகத்தோடு 4 ஒளியாண்டு தொலைவு போய், உடனே திரும்பி அதே வேகத்தில் வருகிறாள். அக்காவுக்கு 10 ஆண்டு. கால நீட்டிப்புக் காரணி (ஓடும் கடிகாரம் எந்த அளவுக்கு மெதுவாகும் என்பது) 0.6, எனவே தங்கைக்கு 6. இதையே தங்கை பக்கமிருந்து போட்டால் ஓடுவது பூமிதானே? 6 × 0.6 = 3.6. ஆனால் அக்காவின் கடிகாரம் 10 காட்ட வேண்டும். எங்கே தப்பு?

பதில் 1:
பெருக்கல் சரி, கூட்டும்போது ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது. போகும்போது தங்கைக்கு ஒரு குறிப்பாயம் (இடத்தையும் நேரத்தையும் அளக்கும் சட்டகம்), வரும்போது வேறு; தொலைவில் ‘இதே கணம்’ எது என்பது குறிப்பாயத்தைப் பொறுத்து மாறும். திரும்பும் இடத்தில் அவள் கடிகாரத்தில் 3. அந்தக் கணத்தில் பூமிக் கடிகாரம் என்ன காட்டும்? போகும் குறிப்பாயத்தில் 1.8, வரும் குறிப்பாயத்தில் 8.2. விட்டுப்போனது இந்த இடைவெளிதான்: 2 × 0.8 × 4 = 6.4.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் அந்த 6.4 ஆண்டு, திரும்பும்போது வரும் முடுக்கத்தால் உண்டாவதா?

பதில் 2:
இல்லைங்க, இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். தொலைவை 8 ஒளியாண்டாக்கிப் பாருங்கள். திரும்பும் முடுக்கம் அதேதான். ஆனால் அக்காவுக்கு 20, தங்கைக்கு 12, வயது வித்தியாசம் 4-லிருந்து 8 ஆகிவிடும்.

தங்கை திரும்பாமலே நேராகப் போகட்டும். எதிரே அதே வேகத்தில் வரும் மூன்றாமவர், அவளைக் கடக்கையில் தன் கடிகாரத்தை 3-இல் வைத்துக்கொள்கிறார். அவர் பூமியைக் கடக்கும்போது அதில் 6. யாருக்கும் முடுக்கம் இல்லை. பயணத்தின் ஒவ்வொரு பாதிக்கும் (பூமிக் கணக்கில் 5 ஆண்டு, 4 ஒளியாண்டு) ஓடும் கடிகாரத்தில் √(5² − 4²) = 3, அவ்வளவுதான். முடுக்கத்தின் வேலை, ஒரே ஆளின் பாதையை மடக்குவது.

சோதனையும் உண்டு. செர்ன் (ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வகம்) வளையத்தில் சுற்றிய மியூவான்கள் எனும் நிலையற்ற துகள்களுக்குப் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 10¹⁸ மடங்கு முடுக்கம். 1977-இல் வந்த முடிவு: ஆயுள் 2.2-லிருந்து சுமார் 64 மைக்ரோவினாடி. வேகத்துக்கான காரணி 29.3 மட்டுமே போதுமாக இருந்தது.

பதில் 1:
ஒளிச் சமிக்ஞை வைத்தும் சரிபாருங்கள். இருவரும் ஆண்டுக்கு ஒரு மின்னல் அனுப்பட்டும். விலகும்போது டாப்ளர் காரணி (ஆண்டுக்கு எத்தனை மின்னல் வந்துசேரும் என்பது) 1/3, நெருங்கும்போது 3. தங்கை பெறுவது 3 × 1/3 + 3 × 3 = 10. அவள் திரும்பியது பூமியில் தெரிய 5 + 4 = 9 ஆண்டாகும்; அக்கா பெறுவது 9 × 1/3 + 1 × 3 = 6. மின்னல் மெதுவாகவும் வேகமாகவும் வரும் ஆண்டுகள் தங்கைக்கு 3-3, அக்காவுக்கு 9-1: இருவர் நிலையும் ஒன்றல்ல என்பது இங்கே நேரடியாகத் தெரியும். அந்த 6.4 ஆண்டுத் தாவலும் தங்கையின் கண்ணில் படாது. திரும்பிய கணத்தில் மின்னல்கள் அடிக்கடி வரத் தொடங்கும், அவ்வளவே.